புல எண் 214/3: தரிசு

விருதுநகர்
3.6.2024

அன்புள்ள பலவேசம் அவர்களுக்கு,

அய்யாதுரை எழுதுவது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் போக நலமாக இருக்கிறேன். நீங்களும் உங்கள் மகன் ராஜபாண்டியன் குடும்பத்தாரும் நலம்தானே? பொங்கலுக்கு நான் போட்ட அட்டைக்குப் பதில் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, வந்து சேர்ந்ததா என்று தெரிந்தால் போதும்.

போனில் பேசியிருக்கலாம். உங்களுக்குக் காது கேட்பதில்லை, கத்திப் பேச வேண்டும் என்று ராஜபாண்டியன் சொன்னான். இது கத்திப் பேசக்கூடிய விஷயம் இல்லை.

போன வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் பர்வீன். சாத்தூர் சாக்குக் கடை அசன் முகம்மதுவின் மகள். பெயரைச் சொன்னதும் என் கையில் இருந்த பேப்பர் கீழே விழுந்துவிட்டது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். இருபத்தைந்து வருடம் முன்பு, கலவரத்தில் சாத்தூர் ரோட்டில் பஸ் எரிந்து இரண்டு பேர் இறந்து, ஊரடங்கு போட்டார்களே, அந்த வாரம். கரிமருந்தை டின்னில் அடைத்து நம் கிராமத்துப் புல எண் 214/3இல் ஒளித்து வைத்ததாக அசன் முகம்மது வாக்குமூலம் கொடுத்து, போலீஸார் அதைக் கைப்பற்றியபோது உடனிருந்தோம் என்று மகஜரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம். கிராம நிர்வாக அலுவலர் என்ற முறையில் நான், தலையாரி என்ற முறையில் நீங்கள். கோர்ட்டிலும் சொன்னோம். அவருக்கு ஏழு வருடம்.

தண்டனை முடிந்து வந்தும் அவருடைய அப்பீல் இன்னும் மதுரையில் நிலுவையில்தான் இருக்கிறதாம். ஆகஸ்டில் விசாரணைக்கு வருகிறது. அவருக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டது. "எங்க அத்தா உங்க மேல கோவமா இல்ல சார். மௌத்தாகுறதுக்கு முன்னாடி பேரு மட்டும் சுத்தமாகணும்னு சொல்றாக. நீங்க அந்த நிலத்துக்குப் போகலைன்னா போகலைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது உண்மைன்னா மட்டும்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் பலவேசம், நாம் போனதாகத்தான் எனக்கு நினைவு.

மாப்பிள்ளை மணிகண்டராஜ் சிவகாசியிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "மாமா, நம்ம பிரஸ்ல எல்லாக் கட்சிக்காரங்களுக்கும் போஸ்டர் அடிக்கிறோம். நீங்க அந்தக் கேஸ்ல பேரு குடுத்தா நாளைக்கே வாட்ஸ்அப்புல உங்க போட்டோ சுத்தும். பென்ஷன வாங்கினமா, பேப்பர் படிச்சமான்னு இருங்க." நாளை ஓட்டு எண்ணிக்கை. வீட்டில் டிவி ஒரு நிமிடம் ஓய்வதில்லை. மகள் ஸ்ரீமதி என் பக்கமா, அவர் பக்கமா என்று புரியவில்லை.

முறையாகச் செய்ய நினைக்கிறேன். அந்த நாளைப் பற்றி எனக்கு நினைவில் இருப்பதை ஒரு தனித்தாளில் எழுதி, மடித்து, குண்டூசி குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் முதலில் உங்கள் நினைவை எழுதுங்கள். பிறகுதான் என் தாளைப் பிரிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நாம் பார்த்தது உண்மை. இதில் தவறாதீர்கள்.

அன்புடன்,
மு. அய்யாதுரை

(இணைப்பு)
நாள் 12.3.1999, பிற்பகல் மூன்று மணி சுமார். ஜீப்பில் போனோம். 214/3இல் ஆளுயரச் சோளம். உள்ளே நடக்கும்போது தோகை என் வலது முழங்கையைக் கீறியது. நாலாவது சாலில் மண்ணைத் தோண்டினார்கள். பிஸ்கட் டின். நீல மூடி, ஓரத்தில் நசுங்கல், பக்கத்தில் கிளிப் படம். மூடி இறுகிப்போய், கரண்டிக் காம்பை விட்டு நெம்பித் திறந்தார்கள். கந்தக வாடை.

✦

நடுக்கரிசல்பட்டி
10.6.2024

ஐயா அவுகளுக்குத் தலையாரி பலவேசம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நான் சொகமா இருக்கேன். காது போனது ஒருவகைக்கு நல்லதுதான், மருமக திட்டுறது கேக்கமாட்டேங்கி. பொங்கல் அட்டை வந்துச்சு. அதுல பதில் போடுறமாதிரி ஒண்ணும் இல்ல, பொங்கல் வாழ்த்துன்னு மட்டும்தானே போட்டிருந்தீக.

மொதல்ல ஒண்ணு. முப்பது வருசமா என்னைய "ஏலே பலவேசம், அந்த அளவுச் சங்கிலியை எடு"ன்னுதான் கூப்பிட்டிருக்கீக. இப்ப அவர்கள்ங்கீக, நீங்கள்ங்கீக. சம்மன்லதான் எனக்கு இம்புட்டு மரியாதை குடுத்திருக்காக. பழையபடிக்கே எழுதுங்க.

அடுத்தது, குண்டூசி குத்தின தாளைத்தான் மொதல்ல பிரிச்சேன். குத்தி வச்சா பிரிக்கத்தானே தோணும்? கைச்சூடு ஆறுறதுக்குள்ள படிச்சிட்டேன். படிச்சா எனக்கும் அப்படியேதான் இருக்கு. ஜீப்பு, சோளம், நாலாவது சாலு, நீல மூடி. ஒரு எழுத்து மாறல. உங்க முழங்கையில கீறுனது கூட எனக்கு ஞாபகம் இருக்கு, நான்தான் எச்சியத் தொட்டு வச்சுக்கிடுங்கன்னு சொன்னேன்.

ஆக, ரெண்டும் ஒத்துப்போச்சு. அந்தப் புள்ளைகிட்ட முடியாதும்மான்னு சொல்லிருங்க. பாவந்தான். நம்மளும் பாவந்தானே.

மழை எட்டிக்கூடப் பாக்கல. பேத்திக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. பத்திரிகை நம்ம மாப்பிள்ளை பிரஸ்ல அடிக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பலவேசம்

✦

விருதுநகர்
17.6.2024

அன்புள்ள பலவேசம்,

உன் விருப்பப்படியே எழுதுகிறேன்.

பிரிக்காதே என்று சொன்னதைப் பிரித்துவிட்டாய். இப்போது உன்னிடம் இருப்பது உன் நினைவா, என் தாளா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முழங்கைக் கீறலுக்கு எச்சில் தொட்டு வைக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அரை மணி நேரத்தில் நீ அப்படிச் சொன்னது எனக்கும் நினைவு வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே என் பழைய நோட்டுகளை இறக்கினேன். அடங்கலுக்கு வரைவு எழுதி வைத்துக்கொண்டுதான் பதிவேட்டில் ஏற்றுவேன் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு நிலத்திலும் எந்தப் பருவத்தில் என்ன பயிர் நின்றது என்ற கணக்கு. அந்த வருடத்துக்கான பசலி 1408 நோட்டு கிடைத்தது. மூலையைக் கரையான் தின்றிருக்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. புல எண் 214/3. நிலத்துக்காரர் திருப்பூர் போய்விட்டார். வருடம் முழுவதும் "தரிசு". பயிர் இல்லை.

தரிசில் ஆளுயரச் சோளம் எப்படி நிற்கும்? அதுவும் மாசிக் கடைசியில். மானாவாரிக் கரிசலில் அறுப்பு முடிந்து கட்டை காய்ந்து கிடக்கும் நேரம். இது எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

உடனே பர்வீனுக்குப் போன் செய்யலாம் என்று எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடம் என் மனைவிக்கு மதுரையில் ஆபரேஷன். நான் நிலம் நிலமாகப் போய்ப் பார்த்து எழுதவில்லை. ஜமாபந்தித் தணிக்கைக்கு நான்கு நாள் முன்பு வீட்டில் உட்கார்ந்து, நீ சொல்லச் சொல்ல எழுதினேன். மகஜரில் சோளம், அடங்கலில் தரிசு. இரண்டும் என் கையெழுத்து. இரண்டையுமே பார்க்காமல் எழுதியிருக்கவும் கூடும். இதை நான் யாரிடம் சொல்வது?

இன்னொன்று. அந்த டின். கோர்ட்டில் அரக்கு முத்திரை வைத்த துணியைப் பிரித்து அதைக் காட்டினார்கள், மூடியைத் திறக்கவில்லை. ஆனால் அந்த மூடி எப்படி இறுகும், கரண்டிக் காம்பை எந்த இடத்தில் விட்டால் "டப்" என்று திறக்கும் என்பது என் கைக்கே தெரிந்தமாதிரி இருக்கிறது. நான்கு நாளாக யோசிக்கிறேன். சோளக்காட்டுக்குள் கரண்டி ஏது, பலவேசம்?

இரண்டே கேள்வி. 214/3இல் அப்போது பயிர் நின்றதா? நாம் போனோமா? என் தாளை அடுப்பில் போட்டுவிட்டு, ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு எழுது.

பத்திரிகை விஷயம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். சீசன் ஆரம்பித்துவிட்டது, காலண்டர் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இருந்தாலும் செய்து தருகிறேன் என்றார்.

அன்புடன்,
அய்யாதுரை

✦

நடுக்கரிசல்பட்டி
25.6.2024

ஐயா அவுகளுக்கு,

ஒரு நாள் இல்ல, ஒரு வாரம் சும்மா இருந்தேன். தாளை அடுப்புல போட்டாச்சு.

அந்த நிலத்துல சோளமும் இல்ல, ஒரு புல்லும் இல்ல. நீங்க போயிப் பாத்திருந்தாத்தானே தெரியும்? நான் தெனமும் அந்த வழியாத்தான் ஆட்டைப் பத்திக்கிட்டுப் போவேன். உங்க அடங்கல் நெசம். மகஜருதான் பொய்யி. நாம எந்தக் காட்டுக்கும் போகல. ஸ்டேஷன்ல பெஞ்சில உக்காந்திருந்தோம். டீ குடுத்தாக. உங்களுக்குச் சீனி இல்லாம வேணும்னு நான்தான் போயிச் சொல்லி வாங்கியாந்தேன். இன்ஸ்பெக்டரு எழுதி வச்சிருந்ததை நீட்டினாரு. நீங்க பேனாவ எடுத்து மூடியத் தொறந்து, பேப்பரை நேரா வச்சு, அழகா நாலு எடத்துல போட்டீக. படிக்கல. எந்தக் காயிதத்தைத்தான் படிச்சீக? நெதமும் அம்பது கையெழுத்துப் போடுற கை. பொறவு நான் போட்டேன்.

யாரும் மெரட்டல, ஒரு அதட்டுக்கூட இல்ல. "யாரையாச்சும் உள்ள வைக்காட்டி இந்த ஜில்லாவே எரிஞ்சிரும்யா"ன்னு அவரு சொன்னாரு. அதுவும் நெசமாத்தான் இருந்துச்சு அன்னைக்கு. உள்ரூம்புல அந்த சாக்குக் கடைக்காரரை அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்கு அப்ப காது நல்லாக் கேக்கும்.

கரண்டி எங்கன இருந்து வந்துச்சுன்னு கேட்டீகளே. எங்க வீட்டுல இருந்து வந்துச்சு. அது பஞ்சம்மாளோட முறுக்கு டின்னு. தீவாளிக்குத் தீவாளி எங்க வீட்டு வாசல்ல கட்டில்ல உக்காந்து, கரண்டிக் காம்பால நெம்பி நெம்பி நீங்க தின்ன டின்னு. மொத நாளு ஸ்டேஷன்ல இருந்து ஆளு வந்து, பழைய டின்னு ஒண்ணு வேணும், நல்லா மூடுறதா இருக்கணும்னாக. எதுக்குன்னு நான் கேக்கல. குடுத்தேன். டின்னுதான் நான் குடுத்தது, மருந்து அவுக வச்சது. பஞ்சம்மா சாகுறவரைக்கும் "எம் முறுக்கு டின்னு எங்க, எம் முறுக்கு டின்னு எங்க"ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. என் பொண்டாட்டிகிட்ட சொல்லாதத உங்ககிட்டச் சொல்ல வச்சிட்டீக.

நீங்க யோக்கியமாட்டம் கேக்கீக. கோர்ட்டுல துணியைப் பிரிச்சாகள்ல, அப்ப கூண்டுல நின்னுக்கிட்டு என்னையத் திரும்பிப் பாத்தீக. டின்னைப் பாத்தீக, என்னையப் பாத்தீக. பொறவு "ஆமாம், இதே டின்தான்"னு சொன்னீக. உங்களுக்கு அன்னைக்கே தெரியும். எனக்கு இது எம்புட்டுக் காது போனாலும் மறக்காது.

இப்ப ராஜபாண்டியன் அதே தலையாரி வேலையில இருக்கான். ஆவணியில கல்யாணம். நீங்க உங்க மனச் சமாதானத்துக்கு எதையாவது எழுதி என் பேரை இழுத்தீகன்னா, கூண்டுல ஏறிச் சோளம் ஆளுயரம் நின்னுச்சு, அய்யாதுரை ஐயா முழங்கையில ரத்தம் வந்துச்சுன்னு சொல்வேன். அந்தத் தாளு எனக்கு மனப்பாடம்.

இனிமே எழுதாதீக. பத்திரிகை சாத்தூருலயே அடிச்சுக்கிடுதோம்.

பலவேசம்

✦

விருதுநகர்
20.7.2024

அன்புள்ள பலவேசம்,

எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள். இதை எழுத உன்னைத் தவிர ஆள் இல்லை.

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். கோர்ட்டில் உன்னைத் திரும்பிப் பார்த்தது எனக்கு நினைவில்லை. நீ சொன்னபிறகு நினைவு வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் பார்த்திருப்பேன். பஞ்சம்மாளின் டின்னை அடையாளம் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் "இதே டின்தான்" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்னதில் உண்மை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நீ எழுதியதால்தான் எனக்குத் தெளிவு வந்தது. நாம் போகவில்லை. அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஸ்ரீமதி மட்டும், "போறதுன்னா காலையில மாத்திரையைப் போட்டுட்டுப் போங்கப்பா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பர்வீனுடன் மதுரைக்குப் போனேன். வழியில் சாத்தூரில் இறங்கி அவள் அத்தாவைப் பார்க்கலாமா என்று கேட்கத் தோன்றியது. சாத்தூர் எதிர்த் திசையில் இருக்கிறது என்பது பஸ் நகர்ந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான் என் தைரியம்.

வக்கீல் இளைஞர். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். நான் சொன்னது நான்கு வரி: நிலத்துக்குப் போகவில்லை, எதையும் கைப்பற்றியதைப் பார்க்கவில்லை, ஸ்டேஷனில் வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், என் அடங்கலில் அந்த நிலம் தரிசு. உன் பெயரைச் சொல்லவில்லை. டின்னைப் பற்றியும் சொல்லவில்லை. அது பாதி உண்மைதான், தெரியும்.

ஆங்கிலத்தில் நான்கு பக்கம் அடித்துக்கொண்டு வந்தார்கள். டீ வந்தது. பர்வீன் "சீனி இல்லாம" என்று சொல்லி வாங்கித் தந்தாள். உறுதிமொழி வாங்கும் வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், "சீக்கிரம் சார்" என்றார். நான் பேனா மூடியைத் திறந்து, தாளை நேராக வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக நான்கு கையெழுத்துப் போட்டேன்.

நீ யூகித்திருப்பாய். படிக்கவில்லை.

நகலை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ஏழாவது பத்தி: "மேற்படி இன்ஸ்பெக்டர் என் இடது கன்னத்தில் அறைந்து, கையெழுத்திட மறுத்தால் என்னையும் வழக்கில் சேர்ப்பதாக மிரட்டினார். உயிருக்குப் பயந்து கையெழுத்திட்டேன்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பர்வீனுக்குப் போன் செய்தேன். அவள் சொன்னாள்: "வக்கீல் சார்தான் சேத்தாரு. அடியும் இல்ல மிரட்டலும் இல்ல, டீயக் குடிச்சிட்டுப் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு எழுதினா எந்தக் கோர்ட்டு சார் நம்பும்? எங்க அத்தாவ அடிச்சாங்கல்ல, அது பொய்யில்லையே." நான், "உங்க அத்தாவை அடிச்சது உண்மைம்மா, என்னை அடிக்கல" என்றேன். "அந்த அடிய உங்க கன்னத்துல ஒரு நாளு வாங்கிக்கங்க சார்" என்று வைத்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏழாவது பத்தியை எடுக்கச் சொன்னால் மனுவுக்குப் பலம் போய்விடும், அவர் பெயர் சுத்தமாகாது. விட்டுவிட்டால் அதே மனிதருக்காக நான் இரண்டாவது பொய் சொல்கிறேன். முதல் பொய் அவரை உள்ளே வைத்தது. இது அந்தக் கறையைத் துடைக்கும். அப்படியானால் இது பொய்யில் சேருமா, சேராதா? முப்பத்திரண்டு வருடம் அரசு வேலை பார்த்தவன் இதை உன்னிடம் கேட்கிறேன்.

ஆனால் எழுதுவதற்குக் காரணம் அது இல்லை.

ஏழாவது பத்தியை நான்கைந்து முறை படித்துவிட்டேன். நேற்று படிக்கும்போது, ஸ்டேஷனில் மேசைக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இன்று காலை சவரம் செய்யும்போது இடது பக்கம் கத்தியை வைக்கக் கை கூசியது. பல்பு உண்மையாக இருக்கலாம். நீதான் சொல்ல வேண்டும்.

பலவேசம், நீ அங்கே இருந்தாய். உன்னைத் தவிர உலகத்தில் வேறு சாட்சி எனக்கு இல்லை. "உங்களை யாரும் அடிக்கவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. நீ முன்பு எழுதியது இருக்கிறது. ஆனால் அதில் கோபம் இருக்கிறது, கோபத்தில் எழுதியது சரியாக இருக்குமா என்று இப்போது சந்தேகம் வருகிறது. ஸ்டாம்ப் ஒட்டி, முகவரி எழுதிய கவர் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கூட வேண்டாம்.

சீக்கிரம் எழுது.

அய்யாதுரை

✦

விருதுநகர்
11.8.2024

அன்புள்ள பலவேசம்,

உன் கவர் வரவில்லை. தபால்காரரிடம் தினமும் கேட்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார்.

பேத்தி கல்யாணம் நெருங்கிவிட்டது. எனக்குப் பத்திரிகை வராது என்று தெரியும். என் ஆசி உண்டு.

பதினான்காம் தேதி விசாரணை. தேவைப்பட்டால் என்னையே நேரில் கேட்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். "பயப்படாதீங்க சார், நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, போதும்" என்றார். ஏழாவது பத்தியை எடுத்துவிடலாம் என்று அவரிடம் சொல்லத்தான் போன் செய்தேன். சொல்லவில்லை. இப்போது அதற்கு அவசியம் இருப்பதாகத் தோன்றவும் இல்லை.

பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான்கு நாளாக எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. குறித்து வைத்திருக்கிறேன். மூன்று மணி இருக்கும். மஞ்சள் பல்பு. மேசைமேல் சீனி இல்லாத டீ, ஆடை படிந்திருந்தது. நான் பேனா மூடியைத் திறக்கவில்லை, "படித்துவிட்டுப் போடுகிறேன்" என்றேன். அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். டம்ளர் உருண்டு டீ தாளில் கொட்டியது. வேறு தாள் எடுத்து வந்தார்கள். நீ கதவுப் பக்கம், கையில் டின்னோடு நின்றிருந்தாய். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

நீயும் பார்த்தாய் அல்லவா?

அய்யாதுரை